வலது பக்கம் செவுள், இடது பக்கம் நுரையீரல்

வாயைத் திறந்து கெட்டுப்போனவர்களின் வரலாறு நூலகம் நூலகமாகக் கிடைக்கிறது. வாயை மூடிக்கொண்டே கெட்டுப்போகப் பார்த்தவர்களைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அவர்கள்தான் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டார்களே, எப்படி எழுதுவது? ஆகவே இதில் கொஞ்சம் நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். எங்கே நிரப்பினேன் என்று கேட்டால் நானும் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் பதினோரு ஆண்டுகளாகத் 'தற்காலிக' உதவியாளராக இருந்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் 'கதவு'தான். மேலதிகாரி யாராவது குறை சொல்லிக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டால் போதும், மாதிரிகள் வைக்கும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒருமுறை அந்த மாடியில் தீப்பிடித்தபோதும் அதையேதான் செய்தாராம். கதவிடுக்கில் ஈரத் துணியைத் திணித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க, தீ வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, உள்ளே ஆளில்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டதாம். இதை நம்புகிறவர்கள் மட்டும் மேற்கொண்டு படித்தால் போதும்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதில் இரண்டு வீட்டாருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. "எனக்கு ஆமான்னுதான் தெரிஞ்சுது, போங்க" என்று பெண்ணே தீர்ப்புச் சொல்லிவிட்டதால் திருமணம் நடந்தது. அந்த அம்மாள் சீருடை தைக்கிறவர். தையல் எந்திரத்தின் சத்தத்தையும் மீறிப் பேசிப் பழகிய தொண்டை. கணவர் பேசாமல் மிச்சம் பிடித்த சொற்களையெல்லாம் அவரே செலவழித்தார்.

மூன்றாவது மாடியில் ஒரே அறை வாடகை வீடு. குழாய் கீழே. ஒவ்வொரு குடத்துக்கும் ஐம்பத்து நான்கு படிகள். கல்லூரிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு ஒன்று காலியாகக் கிடந்தது. இரண்டு அறை, அடுக்களைக்குள்ளேயே குழாய். ஆனால் நிரந்தர ஊழியருக்குத்தான் கொடுப்பார்கள். அவரை நிரந்தரமாக்கும் கோப்போ முதல்வரின் மேசையில் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் அது மேசையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த மூன்றடியைக் கடக்க ஒரு நத்தைக்குக் கால் மணி நேரம் போதும், அதுவும் அவசரமில்லாத நத்தையாக இருந்தால்.

நத்தை என்றதும்தான் நினைவுக்கு வருகிறது. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

குளத்து நத்தையைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். சிறிய ஆப்பிள் அளவு இருக்கும். தண்ணீரிலும் குடித்தனம், தரையிலும் குடித்தனம். அதற்காக உடம்புக்குள் இரண்டு அறைகள் கட்டி, நடுவே அரைச் சுவர் ஒன்று எழுப்பி வைத்திருக்கிறது. வலது அறையில் செவுள், நீரில் கரைந்த காற்றை எடுக்க. இடது அறையில் நுரையீரல், வெறுங்காற்றை எடுக்க. அந்தச் செவுளும் பூர்வீகத்தில் இடதுபக்கத்து ஆள்தானாம். நுரையீரல் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டதும் வலதுபக்கம் குடிபெயர்ந்துவிட்டது. கழுத்தின் இடது பக்கத்தில் ஒரு சதை மடல் உண்டு. மூச்சு வேண்டும்போது அதைச் சுருட்டிக் குழலாக்கி நீர்மட்டத்துக்கு மேல் நீட்டும். கழுத்தோரம் இன்னொரு சிறு உறுப்பு, வரும் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சோதித்துச் சொல்ல. நாக்கு ஒரு நாடா, அதில் வரிசைக்கு ஏழு பற்கள். அரம் போட்டு அராவுவதுபோல இலையை அராவித் தின்னும், காகிதத்தையும் விடாது. கருவில் இருக்கும்போதே உடம்பை ஒரு திருகு திருகிக்கொள்வதால் கழிவு வாசல் தலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பல அலுவலகங்களின் அமைப்பும் இதுதான் என்பதால் நாம் சிரிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், அதன் கதவு. பாதத்தின் பின்புறம் தட்டையான மூடி ஒன்று ஒட்டியிருக்கும். ஆபத்து என்றால் முதலில் தலை உள்ளே போகும், பிறகு பாதம் மடங்கும், கடைசியில் அந்த மூடி வந்து வாசலைக் கச்சிதமாக அடைக்கும். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். சோறில்லை, தண்ணீரில்லை, விடுப்பு விண்ணப்பமும் இல்லை.

நம்மவருக்கு அந்தப் பிராணியின்மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

துறைத்தலைவர் இந்த நத்தையில்தான் முனைவர் பட்டம் வாங்கினார். ஆறு வருட ஆராய்ச்சி, தடித்த அட்டை போட்ட இரண்டு பாகம், மொத்தம் எழுநூறு பக்கம், எல்லாம் செவுளைப் பற்றி மட்டும். செவுளில் எத்தனை இதழ், ஒவ்வொன்றும் எத்தனை நீளம் என்று ஃபார்மலின் ஜாடியிலிருந்து எடுத்து எடுத்து அளந்தார். உயிருள்ள நத்தை மூச்சு விடுவதை அவர் ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை. பட்டம் கொடுத்தவர்களும் அதைக் கேட்கவில்லை. மாணவர்கள் அவரைச் 'செவுள் சார்' என்பார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

முந்தைய கோடையில் ஊர்க்குளம் வற்றியபோது, காட்சி அலமாரிக்கு ஓடுகள் பொறுக்கி வரும்படி அவர் கதவை அனுப்பினார். கதவு வெடித்த சேற்றைக் கிளறி முப்பத்தொன்று கொண்டுவந்தார். எல்லாம் வாசல் அடைத்தவை. சார் பேனாவால் ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் செத்ததுதானே?"

கையில் எடுத்தாலே தெரியும், வெறும் ஓடு இவ்வளவு கனக்காது. ஆனால் உயிர் இருக்கிறது என்றால் நேரே ஃபார்மலின்தான். கதவு தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் என்பது வழக்கம்போலத் தெரியவில்லை. சார் 'ஓடுகள். உயிரற்றவை' என்று சீட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார். முப்பத்தொன்றும் உள்ளறையில் ஓர் இழுப்பறைக்குள் போயின. அவர் பேசாமல் இருந்ததால் இன்னோர் உயிருக்கு நன்மை விளைந்த முதல் சந்தர்ப்பம் அது. அந்த ருசி ஆளைக் கெடுத்துவிட்டது.

பத்து மாதம் கழித்துச் செய்முறைத் தேர்வு வந்தது. இருபத்து நான்கு மாணவர்கள், ஆளுக்கொரு நத்தை அறுக்க வேண்டும். வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருகிறார். குளத்தில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்ததால் நடுவில் தேங்கியிருந்த குட்டையில் இறங்கி, எண்ணி இருபத்து நான்கு பிடித்து வந்து வெள்ளிக்கிழமை மாலை கண்ணாடித் தொட்டியில் விட்டார் கதவு. பாதித் தண்ணீர், நடுவில் இரண்டு செங்கல்.

சார் வந்து பார்த்தார். சென்ற ஆண்டு நத்தைகள் தொட்டியைத் தாண்டிப் போனது அவருக்கு மறக்கவில்லை. ஒன்று முதல்வரின் பூந்தொட்டிக்குள் இறங்கி மண்ணில் முட்டையிட்டது. இன்னொன்று ஒழுங்கு பற்றிய சுற்றறிக்கை ஒன்றை ஓரத்திலிருந்து பாதிவரை தின்றது. அந்தச் சுற்றறிக்கையை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அக்கறையாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

"என்னய்யா இது, பாதித் தண்ணி? விளிம்பு வரைக்கும் ஊத்து. மேல கண்ணாடி போட்டு மூடு. ஒண்ணுகூட வெளிய வரக்கூடாது."

கதவின் உதடு பிரிந்தது. பல் வரைக்கும் ஏதோ வந்தது.

"என்ன முழிக்கிற? செவுள் இருக்குல்ல? தண்ணிக்குள்ளயே மூச்சு விடும். நீ எனக்குச் சொல்லிக் குடுக்கப் போறியா?"

"சரிங்க சார்."

கண்ணாடி எழும்பாமல் இருக்க அதன்மேல் ஏதாவது பாரம் வேண்டியிருந்தது. சார் அறைக்குப் போய்த் தம்முடைய ஆய்வேட்டின் இரண்டு பாகத்தையும் கொண்டுவந்து வைத்தார். அந்த நூல் ஒரு வேலைக்குப் பயன்பட்டது அதுவே முதல் தடவை. துறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மதியம் கதவு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, சாப்பாடு ஆறுது. என்ன யோசனை?"

"இருபத்தி நாலு."

"என்ன இருபத்தி நாலு?"

"ஒண்ணுமில்ல."

"கல்யாணமாகி பதினாலு வருஷத்துல நீங்க ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்புல பேசினதே இதான். அதுலயும் ஒண்ணு நம்பர்."

ஞாயிற்றுக்கிழமை சார் வீடுவரை போனார். சாவி கேட்கத்தான். சார் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "என்னய்யா இந்தப் பக்கம்?" என்றதும், "சும்மா சார்" என்று திரும்பிவிட்டார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் துறை திறந்தது. சாவி போட்டவுடனே நாற்றம் வந்து வரவேற்றது. இருபத்து நான்கும் செத்திருந்தன. தேங்கின தண்ணீர், கோடைப் புழுக்கம், இரண்டரை நாள். செவுளால் எவ்வளவு நேரம் சமாளிக்க முடியும்? எல்லாமே மேலேறி வந்து, கண்ணாடிக்கு அடியில் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, குழல் நீட்டும் பக்கத்தைக் கண்ணாடியில் அழுத்தியபடி இருந்தன. மேலே எழுநூறு பக்கம்.

"சோப்புத் தண்ணி ஏதாவது ஊத்தித் தொலைச்சியா?" சார் மூக்கைப் பொத்திக்கொண்டே கத்தினார். "எக்ஸாமினர் வர்ற நாள்ல என் மானத்தை வாங்கணும்னே இருக்கியா?"

கதவு தரையைப் பார்த்தார். சார் அங்கேயே நின்று மெமோ எழுதினார்: கடுமையான கவனக்குறைவு, தொட்டி நீரில் சோப்பு கலந்தது.

"பதினோரு மணிக்கு இருபத்தி நாலு நத்தை மேசை மேல இருக்கணும். இல்லன்னா இந்த மெமோ உன் ஃபைலோட சேர்ந்து முதல்வர்கிட்ட போகும். அப்புறம் நிரந்தரமும் இல்ல, தற்காலிகமும் இல்ல."

கதவு உள்ளறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டார். "வழக்கம்தானே" என்று வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

உள்ளே அவர் இழுப்பறையைத் திறந்தார். முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, பெரிய தாம்பாளத்தில் அடுக்கி, ஓடு பாதி நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு குடிக்கத் தண்ணீரோடு முக்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது மணி. ஒன்பதே கால். எதுவும் அசையவில்லை. பிரசவ அறை வாசலில் நிற்கிற அப்பாக்கள்கூட அவ்வளவு தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள்.

ஒன்பதரைக்கு உள்ளறைக் கதவு தட்டப்பட்டது. கல்லூரி ஊழியருக்குச் சீருடை அளவெடுக்க வந்த மனைவி. மெமோ செய்தி படிக்கட்டிலேயே அவர் காதுக்கு வந்துவிட்டது.

"திறங்க. நான்தான். திறக்கலைன்னா இங்கயே நின்னு பேசுவேன், ஊரே கேக்கும்."

திறந்தார். தாம்பாளத்தைப் பார்த்த அம்மாள் இடுப்பில் கை வைத்தார்.

"என்னங்க இது, கூழாங்கல்லைக் குளிப்பாட்டுறீங்க?"

"உயிர் இருக்கு. தூங்குது. பத்து மாசமா."

"ஓஹோ. தட்டினா திறக்காதா?"

"திறக்காது. தண்ணி பட்டா திறக்கும். நேரமாகும்."

"இதுங்களுக்காவது தண்ணி பட்டா திறக்குது. உங்களுக்கு என்னத்தைங்க ஊத்தணும்? சோப்புன்னு எழுதியிருக்காராமே அந்த மனுசன், நீங்க ஊத்துனீங்களா?"

"இல்ல."

"அப்போ எதனால செத்துச்சு?"

அவர் சொன்னார். கண்ணாடி, விளிம்புவரை தண்ணீர், இரண்டு பாகம். மொத்தம் நான்கு வாக்கியம். அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. அந்த வீட்டின் வரலாற்றில் அதுவும் ஒரு சாதனை.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"ம்."

"இருபத்தி நாலு உசுருங்க. வாயில என்ன, பூட்டா?"

அப்போதுதான் தாம்பாளத்தில் சின்னதாக ஒரு கிர்ரென்ற சத்தம். ஓர் ஓட்டின் மூடி நூலளவு விலகியது. உள்ளேயிருந்து ஒரு குமிழி. பிறகு வெளிறிய பாதத்தின் ஓரம், பிறகு இரண்டு நீண்ட உணர்கொம்புகள், அவற்றுக்குப் பின்னால் குட்டைக் காம்புகளின் நுனியில் இரண்டு கண்கள். பத்து மாதத்துக்குப் பிறகு அது முதலில் பார்த்தது இந்தத் தம்பதியைத்தான். பார்த்தும் உள்ளே திரும்பிப் போகாதது பெரிய மனசு.

பத்தரைக்குள் பத்தொன்பது. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருபத்தேழு. மீதி நான்கு உண்மையாகவே சாரின் சீட்டுக்குக் கட்டுப்பட்டவை.

தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கதவு வெளியே வந்தபோது தேர்வாளர் வந்தாயிற்று. குள்ளமான ஓர் அம்மையார், கழுத்தில் கயிறு கட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி. நாற்றத்தைப் பின்பற்றி நேரே தொட்டியிடம் போய் நின்றிருந்தார். அதை அப்புறப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்புறப்படுத்த வேண்டியவர் உள்ளறையில் இருந்தாரே.

"அட்டெண்டரோட கவனக்குறைவு, மேடம்" என்றார் சார். "மெமோ குடுத்தாச்சு."

"மேல என்ன புத்தகம்?"

"என்னோட ஆய்வேடு, மேடம்." சாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எதைப் பத்தி?"

"இந்த நத்தையோட சுவாசத்தைப் பத்தி."

அம்மையார் உருப்பெருக்கியை வைத்து முதலில் கண்ணாடிக்கு அடியில் இருந்ததைப் பார்த்தார். பிறகு அதே உருப்பெருக்கியால் சாரைப் பார்த்தார். அப்புறம் கதவின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கண்ணாடியை யாருங்க வெச்சது?"

உள்ளறை வாசலில் மனைவி நின்றிருந்தார். கதவின் கண் பின்னாலிருந்த உள்ளறையைத் தேடியது. போனால் சாத்திக்கொள்ளலாம். கையில் தாம்பாளம். அதில் ஒரு நத்தை விளிம்புவரை ஊர்ந்து வந்து, இழுப்பறையிலிருந்து கூடவே வந்திருந்த 'உயிரற்றவை' சீட்டைக் கையெழுத்துப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கியிருந்தது.

"நான்தாங்க வெச்சேன்" என்றார் கதவு. "சார் சொன்னாரு, வெச்சேன். இது மேல வந்து குழலை நீட்டிக் காத்து வாங்கும், வாங்கலன்னா செத்துப்போகும்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே தெரியும். சொல்லல. சாவி கேக்கப் போயும் கேக்கல. அதுக்கு மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். சோப்புத் தண்ணிக்கு வாங்க மாட்டேன்."

பதினோரு ஆண்டுச் சேமிப்பு முழுவதும் ஒரே மூச்சில் செலவாகியிருந்தது. சாரின் வாய் திறந்திருந்தது. ஆனால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒருவர் பேச ஆரம்பித்தால் இன்னொருவர் அடைபட வேண்டும் என்று அந்தத் துறையில் ஏதோ கணக்கு இருந்திருக்க வேண்டும்.

அம்மையார் சீட்டைத் தின்கிற நத்தையைக் கொஞ்சநேரம் ரசித்தார். "இன்னிக்கு அறுக்க வேணாம்" என்றார். "ஒவ்வொருத்தருக்கும் பாதித் தண்ணி ஊத்தின பீக்கர்ல ஒண்ணைக் குடுங்க. ஒரு மணி நேரம் பேசாம உக்காந்து, இது எப்படி மூச்சு விடுதுன்னு பாத்து வரையட்டும். அதான் கேள்வி."

மாணவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. செவுளின் இதழ்களை எண்ணிக்கையோடு மனப்பாடம் செய்து வந்தவர்களிடம் நத்தையைப் பார்த்து வரை என்றால் என்ன செய்வார்கள்? வேறு வழியில்லாமல் பார்த்தார்கள். நத்தைகள் மெல்ல மேலேறின. இடதுபக்க மடல் சுருண்டு குழலாகி நீர்மட்டத்தைத் துளைத்தது. தலை உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து, துருத்தி ஊதுவதுபோல நுரையீரலை நிரப்பிற்று. முதல் வரிசைக்குப் பின்னால் நின்ற சாரும் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. அறிமுகமே அன்றைக்குத்தானே நடந்தது.

கதவு கேட்டபடியே முதல்வர் மெமோவைத் திருத்தி எழுத முனைந்தார்: 'தெரிந்தும் சொல்லாமை.' விதிப் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டியும் அப்படி ஒரு குற்றம் அகப்படவில்லை. புதிதாகச் சேர்க்கலாம் என்று யாரோ சொன்னபோது, முதல்வர் ஒரு நிமிடம் யோசித்தார். அதைச் சேர்த்தால் கல்லூரியில், தெரிந்ததையெல்லாம் வருகிறவர்களிடம் கொட்டிவிடும் வாசல் காவலாளி மட்டும்தான் மிஞ்சுவார் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். மெமோ கைவிடப்பட்டது. தேர்வாளர் அம்மையாரின் அறிக்கையில், அந்தத் துறையில் நத்தையை அறிந்தவர் ஒருவர்தான், அவர் தற்காலிகம் என்று ஒரு வரி இருந்தது. கோப்பு நான்கே மாதத்தில் மேசையிலிருந்து குதித்தது. சார் தம் ஆய்வேட்டின் எழுநூறாம் பக்கத்தில் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: 'மேலும், இது காற்றையும் சுவாசிக்கும்.' குளம் நிரம்பியதும் இருபத்தேழையும் வாளியில் எடுத்துப்போய் விட்டுவிட்டு வந்தார் கதவு.

இப்போது அவர்கள் கல்லூரிக்குப் பின்னால் குடியிருக்கிறார்கள். இரண்டு அறை, அடுக்களைக்குள் குழாய். திருகினால் கொட்டுகிறது. கதவும் அப்படித்தான். துறையில் யாராவது எதையாவது மூடப் போனால், "வேணாம் சார், காத்து வேணும்" என்று முதல் ஆளாக வந்து நிற்கிறார். மூடப்படுவது பேனாவாக இருந்தாலும் சரி. வீட்டில் காலையில் செவுள், மதியம் நுரையீரல். தையல் எந்திரம் தோற்றுப்போய்விட்டது.

போன வாரம் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தவுடன், கழிவு வாசல் எப்படித் தலைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது என்று கையைத் திருகிக் காட்டி விளக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, சாப்பிடறப்போவா இது?"

"இல்லடி, இப்படித் திரும்பும்போது, குடல் இருக்கு பாரு, அது நேரா..."

அம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் எழுந்து போய்த் தட்டினார். பதிலில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதிலில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுக்களைக்குப் போய், குழாயைத் திருகி ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.